இல்லினாய்க்கு ஒரே காங்கிரஸ் உறுப்பினர் இருந்த காலம்

சிகாகோ நகரம் அடங்கிய கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) குக் கவுண்டி என்று பெயர். இன்று ஐம்பது லட்சம் பேருக்கு மேல் வாழும் இடம். 1831 ஜனவரியில் இல்லினாய் சட்டமன்றம் அந்தப் பெயரைச் சூட்டியபோது, பெயருக்கு உரியவரான டேனியல் போப் குக் இறந்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அவர் அந்தப் பக்கம் குடியிருந்தவரே இல்லை. கடைசியாக நின்ற தேர்தலில் தோற்றவர். தோற்கடித்த மாநிலமே சில ஆண்டுகளில் தன் வடகிழக்கு மூலைக்கு அவர் பெயரை வைத்தது. ஏன் தோற்கடித்தார்கள், ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்டுக்கொண்டு போனால், 1818க்கும் 1832க்கும் இடையில் இல்லினாயில் நடந்த காங்கிரஸ் தேர்தல்கள் முழுவதையும் பார்க்க வேண்டிவரும்.

அமெரிக்கத் தேர்தல் வரலாறு என்றாலே நமக்கு ஜனாதிபதி தேர்தல்தான் நினைவுக்கு வருகிறது. நவம்பர் மாதம், வெள்ளை மாளிகை, தேர்வாளர் குழு. அந்தக் காலத்து இல்லினாய்க்காரருக்கு அப்படி இல்லை. அவருக்குத் தேர்தல் என்றால் ஆகஸ்ட் மாதத்தின் முதல் திங்கட்கிழமை. ஆளுநர், சட்டமன்ற உறுப்பினர், ஷெரிஃப் ஆகியோரோடு, வாஷிங்டனில் கூடும் காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போகும் ஒரே உறுப்பினரையும் அன்றுதான் தேர்ந்தெடுத்தார்கள். அடிமை முறை வேண்டுமா வேண்டாமா என்பதும், சுற்றி வளைத்து அடுத்த ஜனாதிபதி யார் என்பதும்கூட இந்த ஒற்றை இடத்தின் வழியாகவே தீர்மானமாயின. மாநிலம் மிகச் சிறியது. அதனால்தான் அந்த இடத்துக்கு அவ்வளவு கனம்.

முதலில் மாநிலம் எப்படி உருவானது என்று பார்ப்போம். 1818இல் இல்லினாய் இன்னும் பிரதேசமாகத்தான் இருந்தது. வாஷிங்டனில் அதன் பிரதிநிதி நத்தானியேல் போப். மாநிலத் தகுதிக்கு வழக்கமாகச் சொல்லப்பட்ட அறுபதாயிரம் மக்கள் அங்கே இல்லை. நாற்பதாயிரம் போதும் என்று சட்டத்தில் எழுதவைத்தார் போப். அதே கையோடு வடக்கு எல்லையையும் மிச்சிகன் ஏரியின் தென்முனையிலிருந்து நன்றாக மேலே நகர்த்திவிட்டார். அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் சிகாகோ இன்று விஸ்கான்சினில் இருந்திருக்கும். அந்த நாளில் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வடக்கில் ஒரு ராணுவக் கோட்டையும் சில வணிகர் வீடுகளும்தான் இருந்தன. மக்கள் இருந்ததெல்லாம் தெற்கில்: மிசிசிப்பிக் கரையில் பிரெஞ்சுக்காரர்கள் நிறுவிய பழைய காஸ்காஸ்கியா, ஓஹையோ ஆற்றங்கரையில் உப்பு ஆலைகளுக்கு அருகே ஷானிடவுன், நடுவில் எட்வர்ட்ஸ்வில், பெல்வில். குடியேறியவர்களில் பெரும்பாலோர் கென்டக்கி, டென்னசி, வர்ஜீனியா ஆகிய தென்பகுதிகளிலிருந்து வந்தவர்கள். 1820 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை ஐம்பத்தைந்தாயிரம் அளவில்தான் இருந்தது.

போப்பின் அக்கறைக்குப் பின்னால் அவருடைய மருமகன் முறை உறவினர் ஒருவரும் இருந்தார். காஸ்காஸ்கியாவில் பத்திரிகை நடத்திய, இருபத்து மூன்று இருபத்து நான்கு வயது வழக்கறிஞர். மாநிலத் தகுதி உடனே வேண்டும் என்று பத்திரிகையில் விடாமல் எழுதியவர். அவர்தான் டேனியல் போப் குக்.

இப்போது யார் வாக்களித்தார்கள் என்பதைப் பார்த்துவிடலாம். 1818 அரசியலமைப்பின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய, ஆறு மாதம் மாநிலத்தில் வசித்த வெள்ளை ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு உண்டு. சொத்துத் தகுதி கிடையாது. குடியுரிமைகூடத் தேவையில்லை, வசிப்பவர் என்றாலே போதும். இங்கிலாந்திலிருந்து சென்ற ஆண்டு வந்து இறங்கியவரும் வாக்களிக்கலாம். பல கிழக்கு மாநிலங்களில் சொத்து, வரி என்று நிபந்தனை வைத்திருந்த காலத்தில் இது பெரிய தாராளம். கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் வாக்கு இல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளும் கணக்கிலேயே வரவில்லை.

எப்படி வாக்களித்தார்கள் என்பதுதான் இன்னும் சுவையானது. சட்டமன்றம் மாற்றும்வரை வாக்குகள் வாய்மொழியாகவே அளிக்கப்பட வேண்டும் என்று அதே அரசியலமைப்பு சொன்னது. சட்டமன்றம் இடையில் சீட்டு முறைக்கும் போய்த் திரும்பியது. 1848இல் வந்த இரண்டாவது அரசியலமைப்புதான் சீட்டு முறையை நிரந்தரமாக்கியது. வாய்மொழி முறை என்றால் இப்படி: யாரோ ஒருவருடைய வீடுதான் வாக்குச்சாவடி. மேசைக்குப் பின்னால் தேர்தல் நடுவர்களும் எழுத்தர்களும் உட்கார்ந்திருப்பார்கள். வாக்காளர் முன்னால் வந்து தன் பெயரைச் சொல்லி, ஒவ்வொரு பதவிக்கும் யாருக்குத் தன் வாக்கு என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும். எழுத்தர் அவர் பெயருக்கு நேரே, வேட்பாளரின் கட்டத்தில் குறித்துக்கொள்வார். சுற்றி நிற்கும் ஊர்க்காரர்கள், வேட்பாளரின் ஆட்கள், சில நேரம் வேட்பாளரே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

இந்த முறையில் எழுதப்பட்ட பதிவேடு ஒன்று, 1831 ஆகஸ்ட் 1ஆம் தேதிக்குரியது, நியூ சேலம் என்ற சிற்றூரைச் சேர்ந்தது. அன்று அங்கே வாக்களித்தவர்களில் ஊருக்குப் புதிதாக வந்த இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் உண்டு. காங்கிரசுக்கு ஜேம்ஸ் டர்னி என்று சொன்னார். உள்ளூர் நீதிபதிப் பதவிக்குச் சொன்ன பெயர்களில் ஒன்று பௌலிங் கிரீன். இளைஞரின் பெயர் ஏப்ரகாம் லிங்கன். அது அவருடைய முதல் வாக்கு என்றே கருதப்படுகிறது. ரகசிய வாக்கு இருந்திருந்தால் லிங்கன் தன் முதல் வாக்கை யாருக்குப் போட்டார் என்பது யாருக்குமே தெரிந்திருக்காது. அவர் சொன்ன டர்னி தோற்றுப்போனார்.

ஒருவர் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரிந்துவிடும் இந்த ஏற்பாட்டில், கட்சி என்பது பெரிதாகத் தேவைப்படவில்லை. பழைய ஃபெடரலிஸ்ட் கட்சி அந்தப் பக்கமே எட்டிப்பார்த்ததில்லை. எல்லோரும் தங்களை ஜெஃபர்சன் வழி குடியரசுக் கட்சிக்காரர் என்றே சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் இருந்தவை இரண்டு கோஷ்டிகள். பிரதேச ஆளுநராக இருந்த நினியன் எட்வர்ட்ஸைச் சுற்றி ஒன்று. போப்பும் குக்கும் அதில். ஜெஸ்ஸி தாமஸைச் சுற்றி இன்னொன்று. ஷாட்ராக் பாண்ட், எலியாஸ் கென்ட் கேன், ஜான் மெக்லேன் அதில். கொள்கையைவிட உறவும் நட்பும் பதவி ஆசையும்தான் இவர்களைப் பிணைத்தன. குக் 1821இல் எட்வர்ட்ஸின் மகள் ஜூலியாவை மணந்தார். அதற்குப் பிறகு, மாமனாரை எதிர்ப்பவர்கள் மருமகனையும் எதிர்ப்பது இயல்பாகிவிட்டது.

முதல் காங்கிரஸ் தேர்தல் 1818 செப்டம்பரில் மூன்று நாட்கள் நடந்தது. குக்கும் மெக்லேனும் மோதினார்கள். மெக்லேன் ஷானிடவுன்காரர், கிழக்குப் பகுதியின் பிள்ளை. குக் மேற்குப் பகுதி. பதினான்கு வாக்கு வித்தியாசத்தில் மெக்லேன் ஜெயித்தார். ஆனால் டிசம்பர் 3ஆம் தேதிதான் இல்லினாய் முறைப்படி மாநிலமானது. அந்தக் காங்கிரசின் ஆயுள் மறு மார்ச்சோடு முடிந்தது. ஆக மெக்லேன் அனுபவித்தது மூன்று மாதப் பதவி. அந்த மூன்று மாதத்துக்குள் அவர் ஒரு வாக்கு அளிக்க வேண்டியிருந்தது, அதுவே அவரைக் கவிழ்த்தது.

1819 பிப்ரவரியில் மிசூரியை மாநிலமாகச் சேர்க்கும் மசோதா காங்கிரசில் விவாதத்துக்கு வந்தது. இனி அங்கே அடிமைகளைக் கொண்டுவரக் கூடாது என்று நியூயார்க் உறுப்பினர் ஜேம்ஸ் டால்மாட்ஜ் திருத்தம் கொண்டுவந்தார். மெக்லேன் திருத்தத்தை எதிர்த்து வாக்களித்தார். அந்த ஆகஸ்டில் மறுபடி தேர்தல் வந்ததும் குக் இதையே பிடித்துக்கொண்டார். இருவரும் ஊர் ஊராகப் போய் ஒரே மேடையில் வாதாடினார்கள். இளைப்பும் இருமலும் உள்ள ஒல்லியான குக், உயரமும் குரல்வளமும் உள்ள மெக்லேனை இந்த முறை தோற்கடித்தார். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், தென்பகுதியிலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த ஒரு மாநிலம், அடிமை முறை பரவுவதற்கு எதிராகப் பேசியவரைத் தேர்ந்தெடுத்தது. அப்போதே இல்லினாயின் செனட்டர்கள் இருவரும் வேறு பக்கம் இருந்தார்கள். மிசூரியை அடிமை மாநிலமாகவே சேர்த்துக்கொண்டு, மற்ற மேற்குப் பகுதிகளில் 36 பாகை 30 கலை அட்சரேகைக்கு வடக்கே மட்டும் அடிமை முறையைத் தடுத்ததுதான் மிசூரி சமரசம்; அந்த எல்லைக்கோடு ஒன்றை முன்மொழிந்ததே செனட்டர் ஜெஸ்ஸி தாமஸ்தான். செனட்டர்களைத் தேர்ந்தெடுத்தது சட்டமன்றம். குக்கைத் தேர்ந்தெடுத்தது மக்கள். அந்த வித்தியாசம் சின்னதல்ல.

1820இல் கேனையும் 1822இல் மறுபடி மெக்லேனையும் குக் வென்றார். அவற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 1824தான் முக்கியம்.

ஆகஸ்ட் 1824

இல்லினாய் அடிமையற்ற மாநிலம் என்று ஏட்டில் இருந்தது. 1787ஆம் ஆண்டின் வடமேற்குப் பிரதேசச் சட்டம் ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமை முறையைத் தடைசெய்திருந்தது. நடைமுறையில் அதற்கு எத்தனையோ ஓட்டைகள். பிரெஞ்சுக் காலத்து அடிமைகள் அடிமைகளாகவே தொடர்ந்தார்கள். ஒப்பந்த வேலையாள் என்ற பெயரில் ஆயுள் முழுவதும் கட்டிப்போடப்பட்டவர்கள் இருந்தார்கள். ஷானிடவுன் அருகே உப்பு காய்ச்சும் ஆலைகளில் 1825 வரை வெளியிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து வேலை வாங்கலாம் என்று மாநில அரசியலமைப்பே விலக்கு அளித்திருந்தது. 1820 கணக்கெடுப்பு இல்லினாயில் 917 அடிமைகள் என்று பதிவு செய்தது.

1822இல் ஆளுநர் தேர்தலில் நால்வர் நின்றார்கள். வாக்குகள் சிதறின. எட்வர்ட் கோல்ஸ் 2,854 வாக்குகள் பெற்று, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கோடு ஜெயித்தார். வர்ஜீனியாவின் செல்வக் குடும்பத்துப் பிள்ளை அவர்; ஜனாதிபதி மேடிசனின் செயலாளராக இருந்தவர். 1819இல் தன் அடிமைகளை அழைத்துக்கொண்டு ஓஹையோ ஆற்றில் படகில் வரும்போது, நட்டாற்றிலேயே நீங்கள் எல்லோரும் விடுதலை என்று அறிவித்தவர். இல்லினாய் வந்ததும் குடும்பத் தலைவர்களுக்கு ஆளுக்கு 160 ஏக்கர் நிலம் கொடுத்தார். அவர் ஆளுநராகப் பதவியேற்றதும், மிச்சமிருக்கும் பிரெஞ்சு அடிமைகளையும் விடுவியுங்கள் என்று சட்டமன்றத்திடம் கேட்டார். அது எதிர்த்தரப்பைக் கிளப்பிவிட்டது. புதிய அரசியலமைப்பு எழுத மாநாடு கூட்ட வேண்டும் என்றார்கள். எதற்கு என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும், அடிமை முறையைச் சட்டபூர்வமாக்கத்தான்.

இதற்குப் பொருளாதாரக் காரணமும் இருந்தது. 1819 நெருக்கடியில் நில விலை சரிந்து, மாநிலத்தின் வங்கிகள் நொறுங்கியிருந்தன. கடனில் நிலம் வாங்கியவர்கள் தவித்துக்கொண்டிருந்தார்கள். வர்ஜீனியாவிலிருந்தும் கென்டக்கியிலிருந்தும் அடிமைகளோடும் பணத்தோடும் வரும் குடும்பங்கள், இல்லினாய் வழியாக வண்டி ஓட்டிக்கொண்டு மிசூரிக்குப் போவதைச் சாலையோரத்து விவசாயி தினமும் பார்த்தார். அடிமை முறை இருந்தால் இந்தப் பணம் நம்மிடம் தங்குமே என்ற பேச்சு எடுபட்டது.

மாநாட்டுத் தீர்மானத்துக்கு இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். கீழவையில் ஒரு வாக்கு குறைந்தது. பைக் கவுண்டியின் உறுப்பினர் நிக்கலஸ் ஹான்சன் எதிர்த்து வாக்களித்ததுதான் காரணம். அந்தத் தொகுதியில் ஹான்சன் ஜெயித்தாரா ஜான் ஷா ஜெயித்தாரா என்று முன்பே தகராறு இருந்து, ஹான்சனுக்குச் சாதகமாகவே அவை தீர்ப்பளித்திருந்தது. இப்போது அதே அவை தன் தீர்ப்பை மாற்றி ஹான்சனை வெளியேற்றி, ஷாவை வரவழைத்து உட்காரவைத்தது. ஷா வாக்களிக்க, தீர்மானம் 24க்கு 12 என்று நிறைவேறியது. அன்றிரவு தலைநகர் வண்டேலியாவில் ஊதுகொம்பும் தகர ஓசையுமாக ஊர்வலம் போய் ஆளுநர் தங்கியிருந்த வீட்டு முன் கூச்சல் போட்டார்கள். தங்களுக்கு எதிராகப் போனார் என்பதற்காக ஓர் உறுப்பினரின் தேர்தலையே புரட்டிப்போட்ட இந்தச் செயல், அவர்களுக்கே வினையாக முடிந்தது. மாநாடு வேண்டாம் என்பவர்களுக்குப் பிரச்சாரம் செய்ய இதைவிட நல்ல விஷயம் வேறு என்ன வேண்டும்?

அதற்குப் பிறகு பதினெட்டு மாதம் மாநிலம் முழுவதும் இதே பேச்சு. கோல்ஸ் நான்காண்டு ஆளுநர் சம்பளம் முழுவதையும் இதற்கே கொடுத்தார். ஆல்பியன் பக்கம் ஆங்கிலேயக் குடியேற்றம் நிறுவியிருந்த மோரிஸ் பர்க்பெக், சாதாரண விவசாயியின் பெயரில் கடிதங்கள் எழுதிப் பத்திரிகைகளில் வெளியிட்டார். பாப்டிஸ்ட் போதகர் ஜான் மேசன் பெக் மதப் பணிக்காகச் சுற்றிய ஊர்களிலெல்லாம் ஆட்களைத் திரட்டினார். மாநாடு கூட்டலாமா என்று மக்களிடம் கேட்கும் பொதுவாக்கெடுப்பு 1824 ஆகஸ்ட் 2ஆம் தேதி. அதே நாளில்தான் காங்கிரஸ் தேர்தலும். குக்குக்கு எதிராக நின்றவர் மாநிலத்தின் முதல் ஆளுநர் ஷாட்ராக் பாண்ட், மாநாட்டை ஆதரித்தவர்.

மாநாடு வேண்டும் என்றவர்கள் 4,972. வேண்டாம் என்றவர்கள் 6,640. குக் ஏழாயிரத்துச் சொச்சம் வாக்குகள் வாங்கினார்; பாண்டுக்குக் கிடைத்தது நாலாயிரத்துச் சொச்சம். கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் தெரியும்: மாநாட்டுக்கு எதிராக வாக்களித்தவர்களைவிடக் குக்குக்கு வாக்களித்தவர்கள் அதிகம். அதாவது அடிமை முறை வந்தால் நல்லது என்று நினைத்த சிலர்கூட, காங்கிரசுக்குக் குக்கே போகட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வாஷிங்டனில் நிலம், சாலை, கால்வாய் என்று மாநிலத்துக்கு வேண்டியதைக் கேட்டு வாங்கித்தர அவரைவிடத் திறமையானவர் இல்லை என்ற நம்பிக்கை அது.

மாநாட்டைத் தோற்கடித்ததை வைத்து இல்லினாய்க்காரர்களை மனிதநேயச் செம்மல்களாக்க நான் தயாரில்லை. அவர்களில் பலர் அடிமைகளை மட்டுமல்ல, கறுப்பின மக்களையே தங்கள் பக்கத்தில் பார்க்க விரும்பாதவர்கள். பெரிய பண்ணைக்காரர்களின் போட்டிக்குப் பயந்து தெற்கைவிட்டு வந்த ஏழை வெள்ளையர்கள், அதே பண்ணைக்காரர்கள் இங்கேயும் வந்துவிடக் கூடாது என்று நினைத்தார்கள். கறுப்பினத்தவரின் உரிமைகளைக் கட்டுப்படுத்த 1819இல் இயற்றிய கறுப்பினச் சட்டங்கள் அப்படியே இருந்தன. 1853இல் கறுப்பினத்தவர் மாநிலத்துக்குள் குடியேறுவதையே தடைசெய்து சட்டம் போட்டார்கள். ஆனாலும் அந்த 1,668 வாக்கு வித்தியாசத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. மிசூரிக்கு அருகில் இன்னொரு அடிமை மாநிலம் உருவாகியிருந்தால் ஓஹையோ, மிசிசிப்பி ஆறுகள் கூடும் இடமே தெற்கின் கைக்குப் போயிருக்கும். காசு செலவழித்து, ஊர் ஊராய் அலைந்து, வசவு வாங்கி அதைத் தடுத்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரு மாநிலம், ஒரு வாக்கு

மூன்று மாதம் கழித்து, நவம்பரில் ஜனாதிபதி தேர்தல் வந்தது. ஆகஸ்டில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தவர்கள் 11,612 பேர். நவம்பரில் வந்தவர்கள் ஐயாயிரம்கூட இல்லை. ஜான் குவின்சி ஆடம்ஸ் 1,516 வாக்குகள், ஆண்ட்ரூ ஜாக்சன் 1,272, ஹென்றி கிளே 1,036, வில்லியம் கிராஃபர்ட் 847. ஊரே திரண்ட ஆகஸ்டுக்குப் பிறகு எல்லோரும் களைத்துப்போயிருந்தார்கள். அதுவும் தவிர, ஜனாதிபதிக்கு நேராக வாக்களிப்பதில்லை. மாநிலத்தை மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் ஒரு தேர்வாளரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தத் தேர்வாளர் யார், எவருக்கு வாக்களிப்பார் என்பதில் ஏகப்பட்ட குழப்பம். முடிவில் இரண்டு தேர்வாளர்கள் ஜாக்சனுக்கும் ஒருவர் ஆடம்சுக்கும் வாக்களித்தார்கள். மொத்த வாக்கில் முந்தியவர் ஆடம்ஸ். தேர்வாளர் கணக்கில் முந்தியவர் ஜாக்சன்.

நாடு முழுவதும் இதே கதைதான். ஜாக்சனுக்கு 99 தேர்வாளர்கள், ஆடம்சுக்கு 84, கிராஃபர்டுக்கு 41, கிளேக்கு 37. யாருக்கும் பெரும்பான்மையான 131 இல்லை. அப்படியானால் அரசியலமைப்பின் 12ஆம் திருத்தத்தின்படி முதல் மூவரில் ஒருவரைப் பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்க வேண்டும். உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்றில்லை, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நியூயார்க்கின் 34 உறுப்பினர்களுக்கும் சேர்த்து ஒரு வாக்கு. இல்லினாயின் குக்குக்கும் ஒரு வாக்கு. பதின்மூன்று லட்சம் மக்களுக்கு மேல் வாழ்ந்த மாநிலமும் ஐம்பத்தைந்தாயிரம் பேர் வாழ்ந்த மாநிலமும் அன்று ஒரே எடை. மிசூரி, மிசிசிப்பி, டெலவேர் ஆகியவற்றுக்கும் ஒற்றை உறுப்பினர்தான். 24 மாநிலங்களில் 13 கிடைத்தவர் ஜனாதிபதி.

குக்கின் நிலைமை சங்கடமானது. மாநில மக்களின் விருப்பம் தெளிவாகத் தெரிந்தால் அதன்படி நடப்பேன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது எது மக்களின் விருப்பம்? இரண்டுக்கு ஒன்று என்று தேர்வாளர் கணக்கைக் காட்டினார்கள் ஜாக்சன் ஆட்கள். மொத்த வாக்கில் நாங்களே முதல் என்றார்கள் ஆடம்ஸ் ஆட்கள். அந்த மொத்த வாக்கிலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவுதான் ஆடம்சுக்கு. தேர்வாளராக நின்ற ஒருவர் கிளேக்கும் ஜாக்சனுக்கும் பொதுவானவர் என்று சொல்லிக்கொண்டதால், அவருக்கு விழுந்த வாக்குகளை எந்தப் பக்கம் சேர்ப்பது என்றும் வாதம் நடந்தது. மக்களின் தெளிவான தீர்ப்பு இல்லை, ஆகவே என் மனசாட்சிப்படி என்று குக் முடிவெடுத்தார். 1825 பிப்ரவரி 9ஆம் தேதி இல்லினாயின் வாக்கை ஆடம்சுக்கு அளித்தார். ஆடம்சுக்குக் கிடைத்த மாநிலங்கள் சரியாக 13. ஜாக்சனுக்கு 7, கிராஃபர்டுக்கு 4. குக் மாறியிருந்தால் அந்தச் சுற்றில் ஆடம்ஸ் ஜனாதிபதி ஆகியிருக்க மாட்டார்.

குக் வாக்குறுதியை மீறினாரா? எண்களை மட்டும் பார்த்தால் மீறவில்லை என்றே எனக்குப் படுகிறது. ஆடம்ஸை முதலிடத்தில் வைத்த ஒரே நேரடிக் கணக்கு அவர் பக்கம் இருந்தது. ஆனால் ஜாக்சன், கிளே இருவருமே மேற்கத்திய மனிதர்கள். அவர்களுக்கு விழுந்த வாக்குகளைக் கூட்டினால் ஆடம்ஸைத் தாண்டிவிடும். அந்த வாக்காளர்கள் எல்லோரும் மாசசூசெட்ஸ்காரர் ஒருவரைக் கேட்டிருப்பார்களா என்பது நியாயமான கேள்வி. எண்ணுவதற்கு விதியே இல்லாத இடத்தில் ஒருவர் தனியாக எண்ணி முடிவு சொன்னார். வேறு உறுப்பினர்கள் இருந்திருந்தால் பழி பங்குபோட்டிருக்கும். அவர் ஒருவர்தான் இருந்தார், முழுப் பழியும் அவர்மேல் விழுந்தது.

1826 ஆகஸ்டில் அவரை எதிர்த்து ஜோசப் டங்கன் நின்றார். பிரிட்டனுடன் நடந்த 1812ஆம் ஆண்டுப் போரில் ஸ்டீபன்சன் கோட்டையைக் காத்தவர்களில் ஒருவர், மாநில செனட்டர், இலவசப் பள்ளிகளுக்கு 1825இல் சட்டம் கொண்டுவந்தவர். பேச்சாளர் என்று பெயரெடுத்தவர் இல்லை. ஆனால் குக் வாஷிங்டனில் இருந்த நாட்களில் மாநிலத்தைச் சுற்றி வந்தார். குக் ஊர் திரும்பியபோது காசநோயால் உடல் நொந்திருந்தார், முன்போல மேடை ஏற முடியவில்லை. மாமனார் எட்வர்ட்ஸ் வேறு, நிதியமைச்சர் கிராஃபர்ட்மேல் குற்றம் சுமத்தி அதை நிரூபிக்க முடியாமல் மெக்சிகோ தூதர் பதவியை இழந்து பெயரைக் கெடுத்துக்கொண்டிருந்தார். ஆனாலும் எட்வர்ட்ஸ் அதே நாளில் நடந்த ஆளுநர் தேர்தலில் சிறு வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டார். தோற்றது மருமகன்தான். இதைப் பார்க்கும்போது, குடும்பத்தின் மேலிருந்த கோபத்தைவிட அந்த ஒரு பிப்ரவரி வாக்கின்மேல் இருந்த கோபமே குக்கைத் தோற்கடித்தது என்று சொல்லத் தோன்றுகிறது. பக்கத்து மிசூரியிலும் இதேதான் நடந்தது. அங்கே ஆடம்சுக்கு வாக்களித்த ஒற்றை உறுப்பினர் ஜான் ஸ்காட் அதே ஆண்டு தோற்றார்.

தோற்ற பிறகும் 1827 மார்ச் 3 வரை குக்குக்குப் பதவி இருந்தது. அந்தக் கடைசி மாதங்களை அவர் வீணாக்கவில்லை. மிச்சிகன் ஏரியையும் இல்லினாய் ஆற்றையும் இணைக்கும் கால்வாய்க்காக, வழியின் இரு பக்கமும் ஒன்றுவிட்டு ஒன்றாக நிலக் கட்டங்களை மாநிலத்துக்கு வழங்கும் சட்டம் அந்த மார்ச்சில் நிறைவேறியது. கிட்டத்தட்ட மூன்று லட்சம் ஏக்கர். அந்த நிலத்தை விற்றுத்தான் கால்வாய் வெட்ட வேண்டும். விற்பதற்கு முன்னால் ஊர் வரைபடம் போட வேண்டும். 1830 ஆகஸ்டில் கால்வாய் ஆணையர்கள் ஆற்று முகத்துவாரத்தில் போட்ட வரைபடம்தான் சிகாகோ நகரம். அடுத்த சில மாதங்களில் அங்கே கவுண்டி அமைத்தபோது குக்கின் பெயரை வைத்தது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. குக் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஆடம்ஸ் அவரைக் கியூபாவுக்குத் தூதுப் பணியில் அனுப்பிவைத்தார். எதிரிகள் அதைக் கைம்மாறு என்றார்கள். அங்கிருந்து உடல் தேறாமலே திரும்பி, 1827 அக்டோபரில் கென்டக்கியில், முப்பத்துமூன்று வயதில் இறந்தார்.

கடைசியாக ஒருமுறை முழு மாநிலமும்

டங்கன் 1828இலும் ஜெயித்தார். அடுத்த தேர்தல் 1830இல் நடந்திருக்க வேண்டும் என்று நினைப்போம். நடக்கவில்லை, 1831 ஆகஸ்டில் நடந்தது. காங்கிரஸ் தேர்தலை எல்லா மாநிலங்களும் ஒரே நாளில் நடத்த வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் 1872இல்தான் வந்தது. அதுவரை ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி நாள் வைத்தது. பதவிக்காலம் மார்ச்சில் தொடங்கினாலும் காங்கிரஸ் கூடுவது டிசம்பரில் என்பதால், ஆகஸ்டில் தேர்ந்தெடுத்து அனுப்பினாலும் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வாரக்கணக்கான பயணம்தான், அதற்கு இருபது மைலுக்கு எட்டு டாலர் வீதம் படியும், அவை நடக்கும் நாளுக்கு எட்டு டாலர் சம்பளமும் உண்டு.

1831இல் பலர் நின்றார்கள். பிளாக் ஹாக் தலைமையிலான சாக் என்ற பூர்வகுடி மக்களை மிசிசிப்பி ஆற்றுக்கு அப்பால் விரட்டிய படைக்குத் தலைமை தாங்கி அந்தக் கோடையில்தான் டங்கன் திரும்பியிருந்தார். பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்றவர்களில் லிங்கன் வாக்களித்த டர்னி ஒருவர். எட்வர்ட் கோல்ஸ் இன்னொருவர். ஏழாண்டுகளுக்கு முன் தன் சம்பளத்தையே கொடுத்து மாநிலத்தைக் காத்த மனிதர், டங்கன் வாங்கிய வாக்குகளில் பாதியைக்கூட எட்டவில்லை. மக்கள் நன்றி மறந்தார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் மக்களே மாறியிருந்தார்கள். 1820இல் ஐம்பத்தைந்தாயிரமாக இருந்த மாநிலம் 1830 கணக்கெடுப்பில் 1,57,445 ஆகியிருந்தது. வாக்களிக்க வந்தவர்களில் பெரும்பாலோர் 1824இல் இல்லினாயிலேயே இல்லை. கோல்ஸ் கொஞ்ச காலத்தில் பிலடெல்பியாவுக்குக் குடிபோய்விட்டார்.

அந்தக் கணக்கெடுப்பின் பலனாக இல்லினாய்க்கு மூன்று இடங்கள் கிடைத்தன. சட்டமன்றம் மாநிலத்தை மூன்று தொகுதிகளாகப் பிரித்தது. 1832 ஆகஸ்டில் சார்லஸ் ஸ்லேட், சேடாக் கேசி, டங்கன் மூவரும் தேர்வானார்கள். ஷானிடவுன்காரர் இனிமேல் வடக்கத்தி வேட்பாளரைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஜாக்சன் கட்சி, எதிர்க்கட்சி என்ற பிரிவு மெல்ல மெல்ல கோஷ்டிகளின் இடத்தைப் பிடித்தது.

டங்கன் ஜாக்சன் ஆளாக 1826இல் உள்ளே போனவர். தேசிய வங்கி, சாலை கால்வாய் போன்ற உள்நாட்டுப் பணிகள் ஆகிய விஷயங்களில் அவர் வாஷிங்டனில் ஜாக்சனிடமிருந்து மெதுவாக விலகிவிட்டார். அரசியல்வாதிகளுக்கு அது தெரிந்திருந்தது; மூன்றில் ஒருவராக இருந்த உறுப்பினரின் ஒவ்வொரு வாக்கையும் ஊர்க்காரர்கள் யாரும் பின்தொடரவில்லை. 1834இல் அவர் ஆளுநர் பதவிக்கு நின்றார். பிரச்சாரத்துக்கு ஊர்ப்பக்கம் வராமலே ஜாக்சன் ஆதரவாளர்களின் வாக்குகளையும் சேர்த்து வாங்கி ஜெயித்தார்.